பயணச் சேவை விற்போருக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்

பயணச் சீட்டு, வாடகை வண்டி, படகு, தங்கும் அறை, வழிகாட்டி, இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிய சுற்றுலாத் தொகுப்பு ஆகியவற்றைக் காசுக்கு விற்பவர், வாங்கியவருக்கு எந்த அளவு பொறுப்பேற்க வேண்டும் என்று வகுக்கும் விதிகள் இவை. இந்தியாவில் இவை ஒரே சட்டத்துக்குள் அடங்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நடுவில் இருக்க, மோட்டார் வாகனச் சட்டம், ரயில்வே சட்டம், விமானப் போக்குவரத்து விதிகள், தொல்லியல் விதிகள் ஆகியவை அதைச் சுற்றி அமைந்துள்ளன. புடவையை விரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். பயணத்திலோ பணம் முதலில், சரக்கு பிறகு. விற்றவர் சொன்னது மெய்யா என்பது, வாங்கியவர் சொந்த ஊரைவிட்டு வெகுதூரம் போன பின்பே தெரியவருகிறது. பயணியைக் காக்கத் தனிக் கவனம் வேண்டியிருப்பது இதனால்தான்.

செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில் இந்த வணிகத்தின் எல்லா வகைகளையும் காணலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வட்டத்தின் ஊடே செல்கிறது. சாலையோரம் முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம், கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை, வடக்கே 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரம் என வருவோர் போவோர் ஓய்வதில்லை. உள்ளூரிலிருந்து அறுபடை வீடுகளுக்கும் காசிக்கும் வண்டி ஏற்பாடு செய்யும் டிராவல்ஸ்காரர்களும் உண்டு.

தொடக்க வரலாறு

பயணிக்கு வழிசொல்லும் மரபு இந்தக் கடற்கரைக்குப் புதிதன்று. பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டவர். இன்றைய இடைக்கழிநாடு பேரூராட்சி செய்யூர் வட்டத்தில்தான் இருக்கிறது. ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு, எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராக வழிசொல்லி, எங்கே யார் என்ன உணவு தருவார்கள் என்பதையும் 269 அடிகளில் அது விவரிக்கிறது. அங்கே உணவுக்கு விலை இல்லை. ஆகவே விதியும் தேவைப்படவில்லை.

விலையில்லா விருந்தோம்பல் பிற்காலத்தில் சத்திரங்களாக நிலைபெற்றது. இராமேசுவரம், காஞ்சிபுரம் செல்வோருக்காக வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. அவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய் வேறு கைகளுக்குப் போகத் தொடங்கியபோது, சென்னை மாகாண அரசு 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குவிதியைப் பிறப்பித்தது. கோயில், மசூதி அறக்கட்டளைகளோடு பாலங்கள், சத்திரங்கள் ஆகியவற்றையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்கு உட்படுத்திய விதி அது. வழிப்போக்கருக்கென ஒதுக்கிய பொருள் வழிப்போக்கருக்கே போய்ச் சேர வேண்டும் என்று இம்மாகாணத்தில் எழுத்தில் வந்த முதன்மையான ஏற்பாடு இதுவே.

காசுக்குப் பயணம் விற்கும் தொழில் பெருகியபோது விதிகளின் போக்கும் மாறியது. வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் குதிரை வண்டிகளுக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கேட்டது. ஒரு வண்டியில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதும் உரிமத்தில் அடங்கும். சாலையைவிட நீர்வழியை நம்பியிருந்த செய்யூர்க் கரைக்கு நெருக்கமானது 1890ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம். மரக்காணம் வரை நீண்ட பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளில் மனிதர்களும் போய்வந்தனர். படகுக்கு உரிமமும் துறைக்குக் கட்டணமும் வகுக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அரசுக்கு அளித்தது.

அதே 1890இல் வந்த இந்திய ரயில்வே சட்டம் இன்னொரு படி மேலே சென்றது. ஒவ்வொரு நிலையத்திலும் கால அட்டவணையும் கட்டணப் பட்டியலும் ஆங்கிலத்திலும் அவ்வட்டார மொழியிலும் கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. விலையை முன்கூட்டி, பயணிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்ற கடமை இன்றைய இணைய வணிகம் வரை தொடர்கிறது.

இந்தியாவின் முதல் நுகர்வோர் அமைப்பாகக் குறிப்பிடப்படுவதும் பயணிகளின் அமைப்பே. பயணிகள், போக்குவரத்து நிவாரணச் சங்கம் 1915இல் பம்பாயில் தொடங்கியது. ஈராண்டு கழித்து, பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தி, 13 ரூபாய் 9 அணா கொடுத்து வாங்கிய அந்தப் பயணத்தின் நெரிசலையும் அழுக்கையும் எழுதி அச்சிட்டார். சீட்டு வாங்கியவருக்கு உட்கார இடம் உண்டு என்ற உரிமையை அவர் கெஞ்சலாக முன்வைக்கவில்லை. கொடுத்த காசுக்கு உரிய கணக்காகவே கேட்டார்.

விற்போரின் வகைகள்

சட்ட நோக்கில் பயணச் சேவை விற்போரை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்: பயணியை நேரடியாக ஏற்றிச் செல்பவர், சீட்டு வாங்கித் தரும் முகவர், பல சேவைகளை ஒன்றாக்கி விற்கும் சுற்றுலா ஏற்பாட்டாளர், அறையும் உணவும் விற்பவர், வழிகாட்டி. இணையத் தளங்கள் ஐந்து வேடங்களிலும் வருகின்றன.

முகவரின் பொறுப்பே அதிகம் வாதிடப்பட்டது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 230ஆவது பிரிவின்படி, பிறர் சார்பில் ஒப்பந்தம் செய்யும் முகவரைப் பொதுவாக அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. யார் சார்பில் செய்கிறார் என்பதை மறைத்தால் கட்டுப்படுத்தும். வண்டி ஒருவருடையது, விடுதி இன்னொருவருடையது, சாப்பாடு மூன்றாமவருடையது என்றாலும், தம் பெயரில் விளம்பரம் செய்து ஒரே தொகை வாங்கியவர் வெறும் முகவர் அல்லர். முழுப் பயணத்துக்கும் அவரே பொறுப்பாளி.

பேருந்துச் சீட்டு விற்கும் முகவரும் ஆள் பிடிப்பவரும் உரிமம் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 93ஆவது பிரிவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் செயலி வழி வாடகை கார் நிறுவனங்களையும் இப்பிரிவுக்குள் கொண்டுவந்தது. அனுமதியின்றி ரயில் சீட்டு வாங்கி விற்பது ரயில்வே சட்டம் 1989இன் 143ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். மாமல்லபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் காசு வாங்கிக்கொண்டு பார்வையாளரைச் சுற்றிக்காட்டவும் உரிமம் வேண்டும். தொல்லியல் துறையின் 1959ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

சுற்றுலா ஏற்பாட்டாளருக்கு இத்தகைய கட்டாயம் நாடு முழுவதற்கும் இல்லை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரத் திட்டம் விருப்பத்தின்பாற்பட்டது. ஜம்மு காஷ்மீர் 1978இலும் கோவா 1982இலும் சுற்றுலாத் தொழிலைப் பதிவுசெய்யத் தனிச் சட்டம் இயற்றின.

நுகர்வோர் சட்டம்

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’யை வரையறுக்கும்போதே போக்குவரத்தையும், உணவு, தங்குமிட வசதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் பயணிக்குக் கூடுதல் வலுவைத் தந்தது. முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்குரிய நிகழ்வு நடந்த இடத்திலோதான் மனுச் செய்ய வேண்டும். இப்போது மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே செய்யலாம். குர்கானில் அலுவலகம் வைத்திருக்கும் இணைய நிறுவனத்தின் மீது செய்யூர்க்காரர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்பது எளிய மனிதருக்குக் கிடைத்த பெரிய நியாயம்.

பில் கொடுக்க மறுப்பது இச்சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சேவைக்கான பணத்தை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதும் அவ்வாறே. துண்டுச் சீட்டில் ‘அட்வான்ஸ்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் பழக்கம் இதனால் சட்டத்துக்குப் புறம்பாகிறது. இழப்புக்குப் பொருந்தாத அளவு தண்டத்தொகை விதிப்பதும், தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்க உரிமை வைத்துக்கொள்வதும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் வரும். ஆனால் அத்தகைய புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

‘உடைமைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையும் விற்போரைக் காப்பாற்றாது. டெல்லியில் 1998இல் விடுதி ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், தாஜ் மகால் ஓட்டலே பொறுப்பு என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா வழக்கும் பயணிக்குச் சாதகமாக முடிவதில்லை. பனிமூட்டத்தால் விமானம் தாமதமான இன்டர்குளோப் ஏவியேஷன் வழக்கில் 2011இல் அதே நீதிமன்றம் இழப்பீட்டை ரத்து செய்தது. எனினும் குறைந்த கட்டண நிறுவனமே ஆனாலும் விமானத்துக்குள் சிக்கியவர்களுக்கு அடிப்படை வசதி தந்தாக வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது.

இணைய விற்பனைக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, முன்பே டிக் செய்யப்பட்ட ஒப்புதல் பெட்டிக்குத் தடை என்பன அவற்றுள் முக்கியமானவை. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடைசெய்தன. காப்பீடு வேண்டாம் என்பவரை, ‘நான் பாதுகாப்பின்றி இருந்துகொள்கிறேன்’ என்று தேர்வுசெய்ய வைத்து வெட்கப்படுத்தும் விமானச் சீட்டுத் தளங்களின் உத்தி அந்நெறிகளிலேயே எடுத்துக்காட்டாக இடம்பெற்றுள்ளது.

நொடித்துப்போகும் நிறுவனங்கள்

விற்றவரே திவாலானால் பயணி என்ன செய்வது? 1758இல் தோன்றிய மரபுடைய காக்ஸ் அண்ட் கிங்ஸ் நிறுவனம் 2019இல் திவால் நடவடிக்கைக்குள்ளாகி 2021 டிசம்பரில் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டது. 2023 மே மாதம் பறப்பதை நிறுத்திய கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனத்துக்கு 2025 ஜனவரியில் அதே முடிவு. முன்பணம் கட்டியவர்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களாக வரிசையின் பின்னால் நிற்க நேர்ந்தது. பிரிட்டனில் 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நொடித்தபோது வெளிநாடுகளில் இருந்த சுமார் 1,50,000 பேரை அரசு தாயகம் கொண்டுசேர்த்தது. 1970களிலிருந்து அங்கே நடைமுறையில் உள்ள கட்டாய உரிம, பாதுகாப்பு நிதி ஏற்பாடு அதற்குத் துணைநின்றது. இதே பெயருடைய இந்திய நிறுவனம் வேறு, அது பாதிக்கப்படவில்லை. பிரிட்டனைப் போன்ற நிதி இந்தியாவிலும் வேண்டும்.

தற்போதைய நிலை

கொரோனா பொதுமுடக்க கால விமானச் சீட்டுகளுக்குப் பணம் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1இல் உத்தரவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பின், யாத்ரா என்ற பயண முன்பதிவுத் தளத்தில் 2021இல் 26 கோடி ரூபாய்க்கு மேலிருந்த நிலுவை 2024 ஜூனில் ஏறத்தாழ 2.5 கோடியாகக் குறைந்தது. 50 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைகளுக்கு மாவட்ட ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2025 முதல் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் மனுச் செய்யலாம். ரசீது, முன்பதிவுச் செய்தி, விளம்பரத் துண்டறிக்கை, பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றின் நகல்களை மனுவோடு இணைப்பது வழக்கம்.