வீடு ஏன் 'விடு' ஆனது? - மங்கிப்போன சப்டைட்டிலின் கதை

கடைசி செமஸ்டர் முடியும் நேரத்தில் எங்கள் விடுதி நண்பர்களுக்காக இருபது நிமிடத்துக்கு ஒரு வீடியோ செய்தேன். வாட்ச்மேன் தாத்தா, மெஸ் அக்கா, சீனியர்கள் என்று எல்லோரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவார்கள். எங்கள் வகுப்பில் காது கேட்காத நண்பன் ஒருவன் இருக்கிறான் (பெயர் வேண்டாம், கோபித்துக் கொள்வான்). அவனுக்காகவே ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே தமிழில் வசனம் போட்டேன். இரண்டு ராத்திரி வேலை. என் கணினித் திரையில் எழுத்துகள் கண்ணாடி மாதிரி இருந்தன. எல்லோருக்கும் போனில் அனுப்ப வேண்டுமே என்று வீடியோவைச் சுருக்கினேன். அனுப்பினேன். தூங்கப் போய்விட்டேன்.

காலையில் அவனிடமிருந்து செய்தி: "டேய், மெஸ் அக்கா எதை விடச் சொல்றாங்க?"

அக்கா சொன்னது, "எப்ப வந்தாலும் இது உங்க வீடு". நான் எழுதியதும் அதேதான். சுருங்கிய வீடியோவில் 'வீ' மேலே இருந்த அந்தச் சின்னச் சுழி கரைந்து போய் 'வி' ஆகிவிட்டது. மெய்யெழுத்துகளின் புள்ளி பாதி இடங்களில் காணோம். காது கேட்கிற எங்களுக்கு அது ஒரு சின்ன அழகுக் குறை. அவனுக்கு அந்த இரண்டு வரிதான் மொத்த வீடியோவும்.

எங்கே தப்பு செய்தேன் என்று தேடப் போனவன், வழக்கம் போல வரலாற்றுக்குள் விழுந்து விட்டேன். சுவாரசியமாக இருந்ததால் இந்தக் கட்டுரை :-)

ஃபிலிம் காலத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பேசும் படங்கள் வந்தவுடன் வேற்று மொழிக்காரர்களுக்கு வசனம் காட்ட வேண்டிய தேவை வந்தது. 1930இல் நார்வேயைச் சேர்ந்த லெயிஃப் எரிக்சன் என்பவர், ஃபிலிமின் மேல்பூச்சை ஈரமாக்கி இளக்கி, அதன் மேல் எழுத்தை முத்திரை போல அழுத்திப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு ரசாயனத்தால் அரிக்கும் முறை வந்தது. 1980களில் லேசர் வந்தது. எல்லாமே ஃபிலிமின் பூச்சை எழுத்து வடிவில் நீக்கும் வேலைதான். பூச்சு போன இடத்தில் விளக்கொளி நேராகப் பாயும், எழுத்து வெள்ளையாகத் தெரியும். அதில் மங்கல் என்ற பிரச்சினை பெரிதாக இல்லை. கீழே வெள்ளை வேட்டியோ பனிமலையோ வந்தால் எழுத்து அதில் கலந்து காணாமல் போகும், அவ்வளவுதான்.

தொலைக்காட்சியில் அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. 1980 மார்ச் 16 அன்று அங்கே காது கேளாதவர்களுக்கான மறைவு வசனங்கள் முறைப்படி ஆரம்பித்தன. அன்றைய டிவி சிக்னலில் திரையில் தெரியாத சில கோடுகள் உண்டு. அவற்றில் 21ஆவது கோட்டில் வசனத்தைப் படமாக அனுப்பாமல் குறியீடாக அனுப்பினார்கள். 'இது ஏ, அடுத்தது பி' என்று ஒரு பிரேமுக்கு இரண்டே எழுத்து. நொடிக்குச் சுமார் 60 எழுத்து என்றால் பேச்சுக்குத் தாராளம். வீட்டில் இருக்கும் பெட்டி அந்தக் குறியீட்டைப் படித்து, தானே எழுத்தை வரையும். ஆரம்பத்தில் அந்தப் பெட்டியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1990இல் போட்ட சட்டத்தின்படி 1993 ஜூலையிலிருந்து 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளுக்குள்ளேயே அதை வைத்தாக வேண்டும் என்று ஆனது.

படம் எவ்வளவு மோசமாக வந்தாலும் எழுத்து கூர்மையாகவே இருக்கும். ஏனென்றால் எழுத்து படத்தோடு பயணம் செய்யவே இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் லத்தீன் எழுத்துகள்தான். நம்ம 'ஞூ'வையெல்லாம் அதனிடம் சொல்ல வழியில்லை.

இனி மங்கலின் பிறப்பிடம். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நசீர் அகமது, பெங்களூரில் பிறந்தவர். 1972இல் ஒரு புது கணக்கு முறையை ஆராயப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று நினைத்து விட்டார்களாம்! அவர் விடவில்லை. தன் முனைவர் பட்ட மாணவர் டி. நடராஜன், டெக்சாஸில் இருந்த நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தமே நான்கு பக்கம். பெயர் 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்'. பின்னால் ஜேபெக், எம்பெக் என்று வந்த எல்லாவற்றுக்கும் அந்த நான்கு பக்கம்தான் அஸ்திவாரம். நாம் போனில் எடுத்துத் தள்ளும் போட்டோக்களில் பெரும்பாலானவை இன்றும் அந்தக் கணக்கில்தான் சுருங்குகின்றன.

கணக்கு பயமுறுத்தாது, சொல்கிறேன். படத்தை 8×8 சதுரங்களாக வெட்டு. ஒரு சதுரத்தில் 64 பிக்சல். அந்த 64 புள்ளிகளை 64 அலைகளின் கூட்டாக எழுது. சில அலைகள் மெதுவாக ஏறி இறங்குபவை, சில சடசடவென்று மாறுபவை. வானம், சுவர், கன்னம் போன்றவற்றில் மெதுவான அலைகள்தான் அதிகம். வேகமான அலைகளைத் தோராயமாக வைத்தாலும், சிலவற்றைத் தூக்கியே எறிந்தாலும் கண் கண்டுபிடிக்காது. இடம் மிச்சமாவது இப்படித்தான்.

ஆனால் எழுத்து வானம் இல்லையே! வெள்ளைக் கோடு, பக்கத்திலேயே கறுப்பு ஓரம், மறுபடி வெள்ளை. அப்படிச் சட்டென்று மாறும் ஓரத்தை வரைய வேகமான அலைகள் அத்தனையும் வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் ஓரம் தளர்கிறது, எழுத்தைச் சுற்றி அழுக்கு அழுக்காகப் பூச்சிகள் நடுங்குகின்றன. பொறியாளர்கள் இதற்குக் 'கொசு இரைச்சல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்.

1993இல் வந்த வீடியோ சிடியில் இதன் முழுக் கொடுமையும் தெரிந்தது. 352×288 பிக்சல், நொடிக்கு 25 பிரேம். அப்படியே வைத்தால் நொடிக்கு 30 மெகாபிட் வேண்டும். கிடைத்ததோ 1.15 மெகாபிட். அதாவது 26இல் ஒரு பங்கு. தனியாக சப்டைட்டில் வைக்க வசதி இல்லாததால் வசனத்தைப் படத்தின் மேலேயே எழுதிச் சுருக்கினார்கள். வாடகைக்கு எடுத்து வந்த வெளிநாட்டுப் படங்களை டிவிக்கு ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்த அண்ணன்மார்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

நிறம் இன்னொரு தொல்லை. நம் கண் வெளிச்சத்தைக் கூர்மையாகவும் நிறத்தைச் சுமாராகவும்தான் பார்க்கும். அதனால் பெரும்பாலான வீடியோக்களில் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்புதான் வைப்பார்கள். மஞ்சள் எழுத்தில் வெளிச்சம் அதிகம், அதனால் தப்பித்துவிடும். சிவப்பு எழுத்து? கறுப்புப் பின்னணியில் போட்டுப் பாருங்கள், ஜிலேபி மாதிரி ஒழுகும்.

1996இல் டிவிடி வந்தபோது ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். வசனம் படம்தான், ஆனால் தனிப் படம். நான்கே நிறம், அலைக் கணக்கு கிடையாது. 'இத்தனை பிக்சல் வெள்ளை, அடுத்து இத்தனை பிக்சல் கறுப்பு' என்று எண்ணி எழுதும் எளிய முறை. ஒரு டிவிடியில் இப்படி 32 தடங்கள் வரை வைக்கலாம். வெறும் படம் என்பதால் தமிழோ சீனமோ, எந்த மொழியும் பெட்டிக்குப் புரிய வேண்டியதில்லை. ஓரங்கள் கொஞ்சம் பல் பல்லாகத் தெரியும். ஆனால் மங்காது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இதுதான்.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தவர்கள் நம்மைப் போன்ற ரசிகர்களேதான். 1990களின் கடைசியில் ஜெரோம் ரோட்டா என்ற பிரெஞ்சுக்காரர் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு கோடெக்கைத் திருத்தி டிவிஎக்ஸ் என்று வெளியிட, இரண்டு மணி நேரப் படத்தை 700 எம்பி சிடிக்குள் அடைக்கும் பைத்தியம் உலகெங்கும் பிடித்தது. கணக்குப் போட்டால் நொடிக்கு ஒலியும் சேர்த்து 800 கிலோபிட்தான். பலர் வசனத்தை மறுபடி படத்தின் மேலேயே பதித்தார்கள். அதிலும் முதலில் பெரிய அளவில் எழுதிவிட்டு, பிறகு படத்தைச் சிறிதாக்கினார்கள். எழுத்தும் சேர்ந்து நசுங்கியது. இன்னொரு கூட்டம் சப்ரிப் மென்பொருளால் டிவிடியின் வசனப் படங்களைப் படித்துத் திரும்பவும் எழுத்தாக்கியது. நாம் எல்லோரும் பார்க்கும் எஸ்ஆர்டி கோப்பு அங்கிருந்துதான் வந்தது. பெரிய 'ஐ'யையும் சின்ன 'எல்'லையும் அது குழப்பிக்கொண்ட வேடிக்கை தனி.

2003இல் வந்த எச்.264 சதுரங்களின் எல்லையைத் தடவி மழுப்பும் வடிகட்டியோடு வந்தது. அதன் பிறகு கட்டம் கட்டமாக உடைவது குறைந்தது. இடம் போதாதபோது எழுத்து தண்ணீர் பட்ட மை போல ஆவது ஆரம்பித்தது. எது மேல் என்று கேட்டால், கட்டம் தெரிந்தாலாவது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். இது நல்ல எழுத்து மாதிரியே நடித்து 'வீ'யை 'வி' ஆக்கிவிடுகிறது. கடைசியில் 2016இல் எச்.265இன் விரிவாக்கத்தில், எழுத்து உள்ள பகுதிகளை அலைகளாக்காமல் ஒரு சின்ன நிறப் பட்டியலை வைத்து எழுதும் வழி சேர்க்கப்பட்டது. கிட்டத்தட்ட டிவிடியின் பழைய யோசனை! ஆனால் அது முக்கியமாகக் கணினித் திரைப் பதிவுகளுக்காக வந்தது.

சரி, என் வீடியோ. நான் செய்ததும் அதே டிவிஎக்ஸ் காலத்துத் தப்புதான். 1080 கோட்டில் 48 பிக்சல் உயர எழுத்தைப் பதித்து, பிறகு 360 கோட்டுக்குச் சுருக்கினேன். எழுத்து 16 பிக்சல் ஆனது. அதில் 'வீ'யின் சுழிக்கு மிஞ்சியது ஒன்றிரண்டு பிக்சல். அதையும் அலைக் கணக்கு தின்றுவிட்டது.

முதலில் வசனத்தைத் தனி எஸ்ஆர்டி கோப்பாக அனுப்பிப் பார்த்தேன். அவன் போனில் இருந்த பழைய பிளேயர் 'கெ'யின் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. கணினி க-வை முதலில் வைத்துக் கொம்பை அடுத்து வைத்திருக்கும், திரையில் வரையும்போது மாற்றிப் போட வேண்டும். அந்த பிளேயருக்கு அது தெரியவில்லை. 21ஆவது கோட்டின் பழைய பிரச்சினையேதான்.

அதனால் வேலையைத் தலைகீழாகச் செய்தேன். முதலில் படத்தை 480 கோட்டுக்குச் சிறிதாக்கினேன். அதன் மேல் 34 பிக்சலில் தடித்த வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம், பின்னால் அசையாத கறுப்புப் பட்டை. பின்னணி ஆடாவிட்டால் ஒரு பிரேமில் வரைந்ததை அடுத்த பிரேமிலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மிச்சமாகும் இடம் எழுத்துக்குப் போகும். பிட்ரேட்டையும் கொஞ்சம் ஏற்றினேன். கோப்பு 60 எம்பி பெருத்தது. பரவாயில்லை என்று பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் எதிரிலேயே உட்கார்ந்து முழுசாகப் பார்த்தான். மெஸ் அக்கா வந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு தடவை பார்த்தான். பிறகு போனை எடுத்துத் தட்டிக் காட்டினான்: "வீடு சரியா இருக்கு. பன்னிரண்டாவது நிமிஷத்துல 'வாழ்த்துக்கள்'னு போட்டிருக்க, க் வராது."