வாயிலில் நிற்கும் நதிகள்: கங்கை, யமுனைச் சிற்பங்களின் சமூகப் பொருள்

கோயில் வாயிலின் ஒருபுறம் மகரத்தின் மீது கங்கையும் மறுபுறம் ஆமையின் மீது யமுனையும் நிற்பது, உள்ளே நுழைவோன் புனித நீராடித் தூய்மை பெறுவதைக் குறிக்கும் என்பர். இவ்விளக்கம் தவறன்று, ஆயின் முழுமையானதுமன்று. இத்தேவியர் எங்கிருந்து வந்தனர், எச்சூழலில் வாயிலை அடைந்தனர் என்னும் வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டினதான பாரூத் தூபியின் வேலித்தூண்களில் யட்சிகள் செதுக்கப்பட்டுள்ளனர். அவர்களுட் சுதரிசனை எனப் பெயர் பொறிக்கப்பட்டவள் மகரத்தின் மீதே நிற்கின்றாள். மரத்தோடும் நீரோடும் வளத்தோடும் பிணைந்த பொதுமக்கள் வழிபாட்டிற்குரியோர் இவர்கள். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி யட்சர் பற்றிய தமது ஆய்வில் (1928, 1931) இந்நீர்வளக் கருத்தினை விரிவாக எடுத்துக்காட்டினார். நதித் தேவியரின் மூலத்தை நாம் இங்கேதான் தேடல் வேண்டும்.

குப்தர் காலத்திலே இவ்வடிவம் புதிய பணியொன்றை ஏற்கின்றது. மத்தியப் பிரதேசத்து உதயகிரியின் 6ஆம் குகையிலுள்ள சாசனம் குப்த ஆண்டு 82ஐ, அதாவது கி.பி. 401-402ஐச் சேர்ந்தது. அக்குகை வாயிலின் மேன்மூலைகளில் நிற்கும் பெண்ணுருவங்கள் இரண்டுக்கும் மகரமே ஊர்தி. கங்கை, யமுனை என்ற வேறுபாடு இன்னும் தோன்றவில்லை. அருகிலுள்ள 5ஆம் குகையிலோ, பூமிதேவியை மீட்கும் பெருவராகத்தின் இருபக்கச் சுவர்களிலும் இரு நதிகளும் தத்தம் ஊர்திகளோடு தோன்றி, ஒன்றுகூடிக் கடலை அடைகின்றன. இவ்வராகத்தில் இரண்டாம் சந்திரகுப்தனின் ஆட்சிப் பெருமிதத்தைக் கண்ட அறிஞர் பலர். இரு நதிகளுக்கிடைப்பட்ட விளைநிலமே பேரரசின் செல்வ ஊற்று என்பதை நோக்குமிடத்து இது வியப்பன்று. பின்னர், சாளுக்கியரும் இராட்டிரகூடரும் கங்கை, யமுனைச் சின்னங்களை வெற்றிப் பொருள்களாகத் தம் சாசனங்களிற் கூறிக்கொண்டமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

காலப்போக்கில் இத்தேவியர் மேன்மூலையினின்றும் இறங்கி, நிலைக்கால்களின் அடியிலே, நுழைவோனின் கண்ணெதிரே நிற்கலாயினர். நுழைவோன் யார் என்பதே இங்கு எழும் வினா. உதயகிரிச் சிற்பங்கள் உருவாகிய காலத்தையொட்டி இந்தியாவிற் பயணஞ் செய்த சீன யாத்திரிகர் பாகியன், மத்திய தேசத்திலே சண்டாளர் என ஒதுக்கப்பட்டோர் ஊருக்குப் புறத்தே வாழ்ந்தனர் என்றும், நகருக்குள் வரும்போது பிறர் விலகிக்கொள்ளும்பொருட்டு மரத்துண்டைத் தட்டி ஒலியெழுப்பினர் என்றும் எழுதியுள்ளார். அத்தகையோர் இவ்வாயில்களைக் கடந்திருப்பர் எனக் கொள்ளுதல் அரிது.

ஆகவே, தூய்மையாக்கும் நதி, தூய்மையின் பெயரால் எல்லை வகுக்கும் நதியாகவும் மாறியது எனலாம். வேலித்தூணிலே எவரும் காண நின்ற நீர்த்தெய்வம் கருவறை வாயிலின் காவலுக்கு வந்தமை, கலை வளர்ச்சியின் வரலாறு மட்டுமன்று. மக்களின் தெய்வம் மக்களுட் பலரிடமிருந்து பறிக்கப்பட்ட வரலாறுமாகும். அச்சிற்பங்களின் எழிலை வியக்கும் நாம் இவ்வுண்மையையும் உடன்வைத்தே அவற்றை நோக்குதல் வேண்டும்.