மடை திறந்தவர் யார், நிலம் யாருடையது?

கைலாசபுரத்தில் எழுந்து நிற்கும் பெல் ஆலை தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்கும் கொதிகலன்களைச் செய்கிறது. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு வந்த பொதுத்துறை நிறுவனம் அது. இட ஒதுக்கீட்டால் நம் மக்களில் பலருக்கு முதல் மாதச் சம்பளம் கிடைத்தது இத்தகைய ஆலைகளில்தான். அந்த நகரியத்தை விட்டு ஏரிக்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போகும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மடையைத் திறந்தவர் யார்? நீர் பாய்ந்த நிலம் யாருடையது? குடிக்கும் துறை யாருக்கு இருந்தது?

தமிழ்நாட்டின் பல ஊர்களில் மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சியவர்கள் தலித்துகள். நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஒரு பெயர். வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையைக் காவல் காத்ததும் அவர்களே. கூலி, அறுவடையில் களத்து நெல். ஏரியின் கணக்கு முழுவதும் அவர்கள் தலையில் இருந்தது. ஆயக்கட்டு நிலத்தின் பட்டாவோ பெரும்பாலும் வேறு சாதியாரின் பெயரில் இருந்தது. ஊர் வயலை நனைத்த கை ஊர்க் குளத்தைத் தொட்டால் தீட்டு என்றார்கள். தண்ணீருக்குத் தீட்டில்லை தோழர்களே, உடைமைக்கே தீட்டு தேவைப்பட்டது.

இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் உறுப்பினர்களாக இருந்த சென்னை சட்டமன்றம், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் தீர்மானித்தது. பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே அப்படித் தீர்மானித்திருந்தது. ஆனால் மகாடு சவுதார் குளத்தில் தலித்துகள் இறங்கி நீர் அருந்த, 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் நாம் வென்றது 1937இல். தீர்மானத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 14 ஆண்டுகள்!

அந்த உரிமை இன்று அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் இருக்கிறது. இருந்தும் 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் வேங்கைவயலில், தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.

ஆகவே ஏரிக்கரைக்குப் போகும் மாணவர்கள் படம் எடுப்பதோடு திரும்ப வேண்டாம். முதியவர்களிடம் மடையின் கதையைக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தின் 'அ' பதிவேட்டில் ஆயக்கட்டு நிலங்கள் யார் பெயரில் உள்ளன என்று பாருங்கள். மீன்பாசிக் குத்தகையை யார் எடுக்கிறார்கள், சேரியின் சுடுகாட்டுப் பாதை எந்த வரப்பில் முடிகிறது என்று விசாரியுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நம் உழைப்பின் வரலாறு கல்வெட்டில் இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.