ஓடுபாதைக்குத் திரும்பாதே

விமான விபத்துச் செய்திகளை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். 'இயந்திரக் கோளாறே காரணம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது பத்திரிகை வழக்கம். ஆனால் மேலெழுந்த சில விநாடிகளில் சிறிய விமானமொன்று இயந்திர சக்தியை இழக்கும்போது, பல வேளைகளில் உயிரைப் பறிப்பது இயந்திரமன்று, அதற்குப் பின் விமானி எடுக்கும் முடிவே என்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன்.

முதலாம் உலக யுத்தத்தில் 57 வெற்றிகளைப் பெற்று விக்டோரியா சிலுவை விருது பெற்ற பிரித்தானிய விமானி ஜேம்ஸ் மக்கடன், 1913இல் விமானப் படையில் இயந்திரத் திருத்துநராகச் சேர்ந்தவர். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் குறையை அறியக்கூடிய தொழில் அது. 1918 யூலை 9ஆம் திகதி, புதிய படைப்பிரிவொன்றைப் பொறுப்பேற்கச் செல்லும் வழியில் பிரான்சின் ஒக்சி லெ சத்தோவில் இறங்கி, மீண்டும் மேலெழுந்த சிறிது நேரத்தில் மரங்களிடையே வீழ்ந்து இறந்தார். வயது 23. இயந்திரம் சக்தியிழந்தது என்பதே பரவலான கூற்று. திடலுக்குத் திரும்ப முயன்றார் என்போரும் உளர்.

திரும்புதல் ஏன் ஆபத்தாகிறது? மூக்கை உயர்த்தி ஏறிக்கொண்டிருக்கும் விமானம், சக்தி போனதும் வேகத்தை விரைவாக இழக்கிறது. அந்நிலையில் 45 பாகை சரித்துத் திருப்பினால், சிறகு தன் ஏந்துவிசையை இழக்கும் வேகம் ஏறத்தாழ 19 வீதம் உயர்ந்துவிடும். ஒரு பக்கச் சிறகு முந்தி வீழ, விமானம் சுழன்று விழும். மீட்பதற்கு உயரம் இராது. எழும்போது எதிர்த்து வீசிய காற்றோ, திரும்பியதும் பின்னாலிருந்து தள்ளும்.

1917இல் இங்கிலாந்தின் கொஸ்போட்டில் றொபேர்ட் ஸ்மித்-பரி பயிற்சி முறையையே மாற்றினார். ஆபத்தை மாணவனுக்கு மறைக்காமல், அவ்றோ 504 இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தில், ஆசிரியர் உடனிருக்க, அதிலிருந்து மீளக் கற்பித்தார். இன்றும் பயிற்றுநர்கள் முன்னறிவிப்பின்றி இயந்திர சக்தியைக் குறைத்து மாணவரைச் சோதிக்கின்றனர். அவர் செய்யவேண்டியது: மூக்கைத் தாழ்த்து, வேகத்தைக் காப்பாற்று, முன்னால் தெரியும் வெளியில் இறங்கு.

கேட்பதற்கு எளிது. ஆயினும் பாதுகாப்பான ஓடுபாதை முதுகுக்குப் பின்னால் இருக்க, முகம் தெரியாத வயலொன்றை நோக்கி இறங்குவதற்கு மனம் இலேசில் இணங்காது. விமானம் நொறுங்கலாம் என்று தெரிந்தே உயிரைத் தெரிவுசெய்யும் முடிவு அது.

இப்போது அத்தகைய செய்தியைக் காணும்போது இயந்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்று நான் முதலில் கேட்பதில்லை. எவ்வளவு உயரத்தில் இருந்தது, மூக்கு எத்திசையை நோக்கி இருந்தது என்றே கேட்கிறேன்.