உழவனுக்கென ஒரு கார்

நான்கு பேர் உட்கார வேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத காட்டுக்குள் ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. பிரான்ஸின் சித்ரோன் கம்பெனியை நிர்வகித்த பியர் ஜூல் பூலாஞ்சே, 1930களின் நடுவில் தன் பொறியாளர்களுக்கு விதித்த நிபந்தனைகள் இவை. குதிரை வண்டியில் சந்தைக்குப் போய்வந்த குடியானவன் வாங்கக்கூடிய கார் ஒன்று வேண்டும் என்பதே அவர் எண்ணம். மழைக்கால இட்டேரியில் பாரம் ஏற்றி வண்டி ஓட்டிய கொங்கு விவசாயிக்கு அந்த முட்டைக் கூடையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1939 ஆகஸ்ட் கடைசியில் சுமார் 250 மாதிரிக் கார்கள் தயாராகிவிட்டன. முன்னால் ஒரே ஒரு விளக்குதான். செப்டம்பர் 3 அன்று பிரான்ஸ் போரில் இறங்கியது. அடுத்த ஜூனில் பாரிஸ் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. இந்தக் கார் அவர்கள் கண்ணில் படவே கூடாது என்று பூலாஞ்சே முடிவெடுத்தார். மாதிரிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன, சில ஒளித்துவைக்கப்பட்டன. அரை நூற்றாண்டு கழித்து, 1990களில், லா ஃபெர்த்தே விதாம் என்ற ஊரிலிருந்த கம்பெனியின் சோதனைக் களத்தில், ஒரு களஞ்சியத்தின் பரணிலிருந்து மூன்று கார்களை இறக்கினார்கள். ஜெர்மன் ராணுவத்துக்குக் கட்டிய லாரிகளில், எண்ணெய் அளக்கும் கம்பியின் கோட்டைச் சித்ரோன் தொழிலாளர்கள் வேண்டுமென்றே தவறான இடத்தில் போட்டு எஞ்சின்களைச் சாகடித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

ரெனோ கம்பெனியிலும் இதே போக்கு. லாரி மட்டும்தான் கட்டலாம் என்பது ஜெர்மானியரின் உத்தரவு. அதற்கு அடியிலேயே பொறியாளர்கள் சிலர் 4 சி.வி. என்ற சிறு காரை ரகசியமாக வரைந்து கட்டினார்கள். எதிரிக்கு உழைத்தார் என்ற குற்றச்சாட்டில் 1944ல் கைதான முதலாளி லூயி ரெனோ அந்த அக்டோபரிலேயே இறந்தார். 1945ல் கம்பெனி அரசுடைமை ஆயிற்று. 1946ல் கண்காட்சிக்கு வந்த 4 சி.வி., பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரெஞ்சுக் கார் என்ற பெயரை எடுத்தது. பூஜோ கம்பெனி பட்ட பாடு இன்னும் கொடியது. 1943 ஜூலையில் அதன் சோஷோ ஆலையைக் குறிவைத்த பிரிட்டிஷ் விமானங்களின் குண்டுகள் ஊருக்குள் விழுந்து பொதுமக்களைக் கொன்றன. அதன்பின் நவம்பரில் உள்ளிருந்தவர்களின் துணையோடு எதிர்ப்புப் படையினர் முக்கிய இயந்திரங்களை மட்டும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

போர் நம் சாலைகளையும் விட்டுவைக்கவில்லை. 1941ல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942ல் பர்மா ஜப்பானிடம் விழ, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. கூப்பனுக்கு அளந்து ஊற்றும் பெட்ரோலை நம்பி பஸ் நடத்த முடியுமா? சென்னை மாகாணமெங்கும் பஸ்களின் பின்னால் கரி அடுப்புகள் ஏறின. உயரமான இரும்பு உருளையில் அடுப்புக்கரியைக் கொட்டி, காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசு வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். விடிகாலையில் ஒருவர் ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றிக் கனலை எழுப்பிய பிறகே வண்டி கிளம்பும். பெட்ரோலில் கிடைத்த இழுவை இதில் கிடைக்காது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். அதே ஆண்டுகளில் பிரான்ஸின் குடும்பக் கார்களும் இப்படி அடுப்பைச் சுமந்துதான் ஓடின. விறகிலிருந்தே வாயு எடுக்கும் கலத்தை அதற்கு முன்பே உருவாக்கியிருந்த ஜார்ஜ் அம்பேர், அல்சாஸ் பகுதிக்காரர்.

போர் முடிந்த பிறகுதான் பிரான்ஸின் பாதையும் கோவையின் பாதையும் பிரிகின்றன. 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் பூலாஞ்சேயின் கார் 2 சி.வி. என்ற பெயரில் வெளிவந்தது. எஞ்சின் 375 சி.சி., சக்தி 9 குதிரைத்திறன். பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள், வாங்க வந்தவர்களோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1990ல் தயாரிப்பு நின்றபோது 38 லட்சத்துக்கும் மேல் உருவாகியிருந்தது.

கோவையில் அப்படி யோசித்தவர் சூலூர் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு. 1920ல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் ஒற்றைப் பஸ்ஸோடு தொழிலுக்கு வந்தவர். 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின் மோட்டார் செய்து காட்டியவர். 1952ல் அவர் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் தர மறுத்தது. தயாரிப்பு அத்தோடு நின்றது. 1953க்குப் பிறகு கார் கட்டும் உரிமை நாட்டில் ஒரு சில கம்பெனிகளுக்குள்ளேயே முடங்கியது. எதிரி ராணுவம் ஊருக்குள் இருந்தபோதும் பிரெஞ்சுக்காரர்களால் தங்கள் சிறு காரைக் காப்பாற்ற முடிந்தது. சுதந்திர நாட்டில் நம் கோவைக் காரை ஒரு கோப்பு நிறுத்திவிட்டது. திறமை இருந்தும் அனுமதி இல்லாமல் போன அந்த இழப்பை நம் தொழில் வரலாறு இன்னும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

பிரெஞ்சு வடிவமைப்பு கொங்கு மண்ணுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. மலைத் தோட்டங்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பின் டீசல் எஞ்சின் பூஜோவின் வடிவம். நம் சாலைகளை ஆண்ட அம்பாசடரின் பெயரையே 2017ல் 80 கோடி ரூபாய்க்கு பூஜோ குழுமம் வாங்கிக்கொண்டது.

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் அந்நாளில் பஸ் ஓட்டிய, பட்டறை நடத்திய குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கரி கேஸ் பஸ்ஸின் புகைப்படம், பெட்ரோல் கூப்பன், பழைய பர்மிட் என எது வீட்டில் கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து இந்தத் தொடருக்கு அனுப்புங்கள்.