16 நாள் விழா. காலமெல்லாம் குடியிருப்பு: நடப்பவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட டெல்லி ஆசிய விளையாட்டுக் கிராமம்

புதுடெல்லி: 2030-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத் நகருக்குக் கிடைத்துள்ளது. 2036 ஒலிம்பிக் போட்டிகளை நடத்த விருப்பம் தெரிவித்து, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் அளித்துள்ளது. இத்தகைய விழாக்களுக்கு விளையாட்டு அரங்குகளைப் போலவே இன்றியமையாதது, ஆயிரக்கணக்கான வீரர், வீராங்கனைகள் தங்கும் குடியிருப்பு. போட்டி சில வாரங்களில் முடிந்துவிடும். வீடுகளோ பல பத்தாண்டுகள் நிற்கும். அவை எத்தகைய வாழ்வைத் தரும் என்பது வரைபடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணமாகக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் பயிலும் இடம், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தெற்கு டெல்லியில் அமைக்கப்பட்ட ஆசிய விளையாட்டுக் கிராமம்.

முக்கியத் தகவல்கள்

• இடம்: சிரிக் கோட்டைப் பகுதி, தெற்கு டெல்லி
• பரப்பு: சுமார் 35 ஏக்கர்
• வீடுகள்: 200 தனி வீடுகள், 500 அடுக்குமாடிக் குடியிருப்புகள்
• வடிவமைத்தவர்: கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல்
• கட்டுமானப் பொறுப்பு: டெல்லி வளர்ச்சி ஆணையம்
• போட்டிகள் நடந்த காலம்: 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை

பின்னணி

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் முதன்முதலில் 1951-இல் டெல்லியில் நடந்தன. 31 ஆண்டுகளுக்குப் பின் ஒன்பதாவது போட்டிகள் மீண்டும் தலைநகருக்கு வந்தபோது, ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம், மேம்பாலங்கள் எனப் பெரும் கட்டுமானப் பணிகள் ஒரே நேரத்தில் நடைபெற்றன. 33 நாடுகள் பங்கேற்ற அந்த விழாவின் அடையாளமான ‘அப்பு’ யானைக்குட்டி இன்றும் பலர் நினைவில் உள்ளது.

வீரர்களின் குடியிருப்புக்குத் தேர்வான இடம், அலாவுதீன் கில்ஜி 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய சிரி நகரின் மதில் எச்சங்களுக்கு அருகில் உள்ளது. பக்கத்திலேயே ஷாப்பூர் ஜாட் என்னும் பழைய கிராமம். இதையொட்டிச் செல்லும் சாலை இன்று ‘கேல் காவ் மார்க்’, அதாவது ‘விளையாட்டுக் கிராமச் சாலை’ என்றே அழைக்கப்படுகிறது.

வாகனம் வெளியே, நடை உள்ளே

கிராமத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள அதன் சாலைகளிலிருந்து தொடங்க வேண்டும். வாகனச் சாலை குடியிருப்பின் வெளிவிளிம்பைச் சுற்றிச் செல்கிறது. அதிலிருந்து பிரியும் முட்டுச்சந்துகள் வாகன நிறுத்தச் சதுக்கங்களில் முடிகின்றன. கார்கள் அவ்வளவு தூரம்தான் வர முடியும். அதற்கு அப்பால், குடியிருப்பின் நடுவே முதுகெலும்பைப் போல ஓடும் பாதை முழுவதும் நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. பெரும்பாலான வீடுகளுக்கு இரு வழிகள் உண்டு: ஒன்று வாகனச் சந்திலிருந்து, மற்றொன்று நடைவீதியிலிருந்து.

வாகனத்தையும் நடையையும் பிரிப்பது அன்றைக்குப் புதிய எண்ணமன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929-இல் உருவான ராட்பர்ன் குடியிருப்பு இதை முன்பே செய்து காட்டியது. ஆனால் ராட்பர்னில் நடைபாதைகள் அகன்ற பூங்காக்களின் ஊடே செல்கின்றன. ரேவல் அதற்கு மாறாக, ஜெய்சால்மர் போன்ற ராஜஸ்தானத்துப் பழைய நகரங்களின் குறுகிய தெருக்களையும் வடஇந்திய மொகல்லாக்களையும் நோக்கினார்.

அந்தத் தெருக்களின் குறுக்கம் இடப் பற்றாக்குறையால் மட்டும் வந்ததன்று. கோடையில் 45 டிகிரி செல்சியஸை எட்டும் வெயிலில், இருபுறமும் நெருங்கி நிற்கும் சுவர்கள் ஒன்றன் மீது ஒன்று நிழல் வீழ்த்துகின்றன. தெருவில் நடப்பவருக்கு நாளின் பெரும்பகுதி நிழல் கிடைக்கிறது. நடக்கத் தகுந்த தெரு என்பது வெப்பநாட்டில் முதலில் நிழலுள்ள தெரு என்பதே இதன் பாடம்.

நீண்டு செல்லும் வெற்றுப் பாதை நடப்பவரைச் சோர்வடையச் செய்யும். ஆகவே கிராமத்தின் நடைவீதிகள் சிறு பகுதிகளாக முறிக்கப்பட்டுள்ளன. சற்றே குறுகும் தெரு, திடீரென ஒரு முற்றமாக விரிகிறது. பின்னர் மீண்டும் குறுகுகிறது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குள் நுழையும் இடங்களில் தோரணவாயில் போன்ற நுழைவுகள் உள்ளன. அவற்றின் மேலே பாலம் போல வீடுகளின் பகுதிகள் இணைகின்றன. எங்கே பொதுவெளி முடிகிறது, எங்கே ஒரு குழு வீடுகளின் எல்லை தொடங்குகிறது என்பதை அறிவிப்புப் பலகையின்றியே நடப்பவர் உணர முடிகிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் முற்றமோ மொட்டை மாடியோ கிடைக்கும் வகையில் கட்டடங்கள் படிப்படியாக அடுக்கப்பட்டுள்ளன. கோடை இரவுகளில் மாடியில் உறங்குவதும், குளிர்காலப் பகலில் அங்கே வெயில் காய்வதும் வடஇந்திய வாழ்க்கையின் பழக்கம் என்பது இங்கே கணக்கில் கொள்ளப்பட்டது. கட்டடங்கள் கான்கிரீட் சட்டகத்தில் செங்கல் நிரப்பி எழுப்பப்பட்டவை. வெளிச்சுவர்களுக்குக் கல்துகள் கலந்த மணல் நிறப் பூச்சு தரப்பட்டது.

கட்டியவர்களின் கதை

ஆசிய விளையாட்டுப் பணிகளின் வரலாறு வடிவமைப்போடு முடிவதில்லை. பல மாநிலங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்களின் நிலைமையைச் சமூக ஆய்வாளர்கள் மூவரைக் கொண்டு ஆராய்ந்த ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம், உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதம் அனுப்பியது. அக்கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. மத்திய அரசும் டெல்லி வளர்ச்சி ஆணையமும் எதிர்மனுதாரர்களில் அடங்குவர்.

அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ‘ஜமாதார்’ எனப்படும் தொழிலாளர் தரகர்கள் எடுத்துக்கொண்டதால், தொழிலாளர் கைக்கு 8 ரூபாய் 25 காசே சென்றது. 1982 செப்டம்பர் 18 அன்று அளிக்கப்பட்ட தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று கூறியது. கட்டுமானப் பணி ஆபத்தான தொழில் என்பதால் 14 வயதுக்குட்பட்டோரை அதில் ஈடுபடுத்தக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. போட்டிகள் தொடங்க இரண்டு மாதங்களே இருந்த நிலையில் வந்த அந்தத் தீர்ப்பு, பொதுநல வழக்குகளின் வரலாற்றில் மைல்கல்லாகக் கருதப்படுகிறது.

விமர்சனங்கள்

35 ஏக்கரில் 700 வீடுகள் என்பது ஏக்கருக்கு 20 வீடுகள் மட்டுமே. நிலவிலை உச்சத்தில் உள்ள தலைநகரில் இது தாராளமான கணக்கு. இதே முறையை எல்லா மக்களுக்கும் வீடு தரும் திட்டமாக அப்படியே விரிவாக்க இயலாது என்பது ஒரு விமர்சனம்.

இரு வழிகள் கொண்ட வீடுகள் மற்றொரு கேள்வியை எழுப்புகின்றன. காரில் வருபவர் பின்வழியாகவே வீட்டுக்குள் சென்றுவிட்டால், நடைவீதி ஆளின்றிக் கிடக்கும். கடை, பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகியவை நடைதூரத்தில் இருந்தால்தான் மக்கள் தெருவுக்கு வருவர். டெல்லியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதே 2002 டிசம்பரில்தான். அதற்குள் கிராமத்துக்கு 20 வயதாகிவிட்டது. அழகான தெரு அமைப்பு மட்டும் நடையை உருவாக்குவதில்லை. போய்ச்சேர ஓர் இடமும் வேண்டும்.

2010-இல் மாறிய பாதை

2010 காமன்வெல்த் போட்டிகளுக்கான குடியிருப்பு, யமுனைக்கு அருகே அக்ஷர்தாம் கோயிலை ஒட்டி அமைந்தது. 34 கட்டடங்களில் 1,168 வீடுகள் கொண்ட அத்திட்டத்தைத் தனியார் நிறுவனத்துடன் இணைந்து டெல்லி வளர்ச்சி ஆணையம் நிறைவேற்றியது. அந்த இடம் ஆற்றின் வெள்ளப்பெருக்குப் பகுதியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009 ஜூலையில் கட்டுமானத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தெருக்களும் முற்றங்களும் கொண்ட தாழ்ந்த கட்டடங்களுக்குப் பதிலாக, இடைவெளிவிட்டு நிற்கும் உயர்ந்த அடுக்குமாடிகளே அங்கு எழுந்தன.

வெளிநாட்டு அனுபவம்

1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிற்கு அமைக்கப்பட்ட வீரர் கிராமம் விழா முடிந்ததும் பிரிக்கப்பட்டது. பிற்காலத்தில் நகரங்கள் நேர்மாறான வழியைத் தேர்ந்தன. பார்சிலோனா 1992-இல் பழைய தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்பாக்கி, நகரைக் கடற்கரையோடு இணைத்தது. லண்டனில் 2012-இல் வீரர்கள் தங்கிய கட்டடங்கள் 2,818 வீடுகள் கொண்ட ‘ஈஸ்ட் வில்லேஜ்’ ஆயின. வீரர்களுக்குப் பொது உணவுக்கூடம் இருந்ததால், சமையலறைகள் போட்டிகளுக்குப் பிறகே பொருத்தப்பட்டன. பாரிஸ் 2024 கிராமமும் விழாவுக்குப் பின் வீடுகளும் அலுவலகங்களும் கலந்த பகுதியாக மாறும்படியே திட்டமிடப்பட்டது.

போட்டியின்போது பாதுகாப்புக்காக எழுப்பப்படும் வேலியைப் பின்னர் அகற்றுவது இவற்றில் முக்கியமான படி. வேலி நிலைத்துவிட்டால், உள்ளே எத்தனை நடைவீதிகள் இருந்தாலும் அக்குடியிருப்பு நகரிலிருந்து துண்டிக்கப்பட்ட தீவாகிவிடும்.

பாதுகாப்பு என்னும் கேள்வி

ரேவலின் மற்றொரு புகழ்பெற்ற படைப்பான பிரகதி மைதானத்து ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’, 1972-இல் கட்டப்பட்டு 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. 60 ஆண்டுகள் நிறையாத கட்டடங்களைப் பாரம்பரியச் சின்னமாகக் கருத இயலாது என்று டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அப்போது நிலைப்பாடு எடுத்தது. அந்த அளவுகோலின்படி, 1982-இல் நிறைவடைந்த ஆசிய விளையாட்டுக் கிராமம் 2042 வரை காத்திருக்க வேண்டும்.

அகமதாபாத்தின் முன் உள்ள வாய்ப்பு

1411-இல் நிறுவப்பட்ட அகமதாபாத்தின் பழைய நகரம், 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற முதல் இந்திய நகரம். நுழைவாயில் கொண்ட குறுகிய தெருக்களைச் சுற்றி நெருக்கமாக அமைந்த ‘போல்’ என்னும் குடியிருப்புகளே அதன் சிறப்பு. நிழல், நெருக்கம், வாயில், பொது முற்றம் என ரேவல் ராஜஸ்தானத்தில் தேடிக் கண்டவை அனைத்தும் அங்கே நகரின் நடுவிலேயே உள்ளன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நடைமுறையில் உள்ள இன்றைய நிலையில், படிகளற்ற பாதைகளும் சக்கர நாற்காலி செல்லும் வாயில்களும் புதிய குடியிருப்புக்குக் கட்டாயம். மாற்றுத்திறனாளி வீரர்களுக்காக அமையும் அதே சாய்தளத்தில்தான், அடுத்த தலைமுறையின் முதியவர்களும் கைவண்டிக் குழந்தைகளும் செல்வர். 2030-இல் விழா முடிந்து வீரர்கள் நாடு திரும்பிய மறுநாள் காலையில், பால் வாங்கக் கடைக்கு நடந்து போக முடிகிறதா என்பதே புதிய குடியிருப்பின் வெற்றியை அளக்கும் எளிய அளவுகோலாக இருக்கும்.