கொடுங்கையூரும் கோட்டோவும்: இரண்டு ஊர்களின் குப்பைக் கதை

வீட்டில் ஒரு பழைய டிவி கெட்டுப்போனால் என்ன செய்வோம்? ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருப்பவர் அதைக் காயலான் கடையில் போடுவார். கையில் கொஞ்சம் காசு கிடைக்கும். ஜப்பானில் இது தலைகீழ். 2001ல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டப்படி டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி ஆகிய நான்கையும் தூக்கிப் போடுபவர்தான் மறுசுழற்சிக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஆக, நம் ஊரில் மறுசுழற்சி ஒரு வியாபாரம். அங்கே அது கடமை. இரும்பு, பேப்பர், பாட்டில் என்று விலை போகும் எதையும் பழைய பேப்பர்காரரும் குப்பை பொறுக்குபவர்களும் விடுவதில்லை. விலை போகாதது மட்டும் லாரி ஏறுகிறது.

அந்த லாரி எங்கே போகிறது? 2011ல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில், திருவொற்றியூர் முதல் அண்ணாநகர் வரை 8 மண்டலங்களின் குப்பை வட சென்னையின் கொடுங்கையூருக்கே வந்தது. அங்கே தேங்கிய பழைய குப்பை சுமார் 66 லட்சம் டன் என்று மாநகராட்சி கணக்கிட்டது. அதைத் தோண்டிப் பிரிக்கும் வேலை பிறகுதான் தொடங்கியது.

ஜப்பானியர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று சொல்வதுண்டு. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. டோக்கியோவின் கொடுங்கையூர், வளைகுடா ஓரத்தில் உள்ள கோட்டோ. அங்கே 1957 முதல் 1967 வரை குப்பை கொட்டப்பட்ட இடத்துக்குப் பெயர் யுமேனோஷிமா, அதாவது 'கனவுத் தீவு'. 1965ல் அதிலிருந்து கிளம்பிய ஈக்கள் ஊரையே படுத்தி எடுத்தன. 1971ல் டோக்கியோ ஆளுநர் மினோபே 'குப்பைப் போர்' அறிவித்தார். வசதியானவர்கள் வாழ்ந்த சுகினாமி பகுதியோ தன் எல்லைக்குள் எரி உலை வேண்டாம் என்றது. 1973ல் கோட்டோ மக்கள் சுகினாமியின் குப்பை லாரிகளை வழிமறித்தனர். கடைசியில் 1982ல் சுகினாமியிலேயே உலை வந்தது. அவரவர் குப்பையை அவரவர் பகுதியே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சண்டையில்தான் வலுப்பெற்றது. 1975ல் நுமாசு நகரம் குப்பையை வகை பிரித்து வாங்கத் தொடங்கியது. 1995ல் பேக்கேஜிங் பொருட்களுக்கான மறுசுழற்சிச் சட்டம் வந்தது.

இந்தியாவிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று 2016 விதிகள் தெளிவாகவே சொல்லின. ஆனால் பிரிக்காத குப்பை தன் தெருவை விட்டுப் போய்விடும் வரை யாருக்கு அவசரம்?

ஜப்பான் செய்த எல்லாமே சரி என்பதில்லை. அங்கே இன்றும் நகரக் குப்பையில் சுமார் 20 சதவீதம்தான் மறுசுழற்சி ஆகிறது. பெரும்பகுதி எரிக்கப்படுகிறது. கொடுங்கையூரிலும் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2025ல் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து எதிர்த்தனர். டோக்கியோவில் உலை, குப்பையை அனுப்பியவர்களின் பகுதிக்குப் போனது. இங்கே அது ஏற்கெனவே சுமந்தவர்களின் தலையிலேயே இறங்கப் பார்க்கிறது.

டோக்கியோவைப் பார்த்துக் கற்க வேண்டுமென்றால் உலையை விட, கோட்டோ மக்கள் கேட்ட கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் குப்பை ஏன் எங்கள் வாசலுக்கு வருகிறது?